உள்ளே என்பதற்கு உ

எண்பதுகளின் நடுவில் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் பெயர் கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒரே கேள்விதான்: பர்மனென்ட்டா? ஆமாம் என்றால் காபி வரும். இல்லை என்றால் ஆறுதல் வரும், கூடவே யாரோ ஒரு மச்சான் பதினோரு வருடம் காத்திருந்து பர்மனென்ட் ஆன கதையும் வரும். என் அப்பா பக்கத்தில் இருந்த பெரிய அரசாங்கத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் பர்மனென்ட். எங்கள் தெருவே பர்மனென்ட். இருபத்தாறு வயதில் கல்யாணமும் ஆகாமல், வேலையும் நிரந்தரமாகாமல், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மொச்சைக்கொட்டை சீவிக்கொண்டிருந்த நான் மட்டும்தான் தெருவுக்குத் திருஷ்டிப்பொட்டு.

ஆராய்ச்சிக்கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் மறுப்புக் கடிதம் எழுதுவார்கள், அவர்களுக்கு அதற்கான நேரம் நிறைய இருக்கிறது.

நான் எதை ஆராய்கிறேன் என்று வீட்டில் விளக்க நான்கு வருடம் முயன்றேன். செடியின் செல்லுக்குள் நடுவில் ஒரு பெரிய பை இருக்கிறது, அதற்கு வாக்குவோல் என்று பெயர். பெயர் வைத்த மகானுக்கு அதற்குள் ஒன்றும் தென்படவில்லை, வெற்றிடம் என்ற பொருளில் அப்படி வைத்துவிட்டுப் போய்விட்டார். உண்மையில் விதைகளில் அந்தப் பைதான் குதிர். நாம் தின்கிற பருப்பின் புரதமெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. அப்பா இதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, மகள் வாக்குவத்தில் வேலை பார்க்கிறாள் என்று காலனி முழுக்கச் சொல்லிவைத்தார். அதை நம்பி எதிர்வீட்டு அம்மா, உள்கண்ணாடி உடைந்த ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அது எங்கள் பரணில் வெகுகாலம் இருந்தது.

கேள்வி எளிமையானது. புரதம் செல்லின் ஒரு மூலையில் தயாராகிறது. அங்கிருந்து சின்னச் சின்னப் பைகளில் ஏறி, வழியில் ஒரு கூடத்தில் நின்று, அங்கே தரம் பிரிக்கப்பட்டு, சில புரதங்கள் வாக்குவோலுக்குள் போகின்றன, சில செல்லுக்கு வெளியே கொட்டப்படுகின்றன. முகவரி இல்லாத சரக்கு தானாகவே வெளியே போய்விடும். இதைக் கேட்டதும் அப்பா சிரித்தார். அவருடைய அலுவலகத்தில் முகவரி இல்லாத ஃபைல் வெளியே போனதாகச் சரித்திரமே கிடையாதாம், உள்ளேயேதான் கிடக்குமாம். சரி, உள்ளே போகவேண்டிய புரதத்தின் மேல் அந்த முகவரி எங்கே எழுதியிருக்கிறது? அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கேட்பார்.

"ஏட்டி, இன்னைக்காவது அது போய்ச் சேந்துட்டா?"

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும். "ஜெபம் பண்ணுத நேரத்துல என்ன பேச்சு இது? கேக்கவங்க யாரோ செத்துட்டாங்கன்னுல்லா நெனைப்பாங்க."

திருநெல்வேலியை விட்டு மூன்று தலைமுறை ஆகியும் எங்கள் வீட்டுத் தமிழ் அப்படியேதான் இருந்தது. தம்பி மட்டும் எதற்கும் ஹைதராபாத் உருதுவில் 'நக்கோ', அதாவது வேண்டாம், என்பான். அந்தக் குளிர்காலத்தில் அதை அவன் அதிகம் சொன்னது மொச்சையைப் பார்த்துத்தான். எனக்கு வேண்டியது பிஞ்சுக்கும் முற்றலுக்கும் நடுவில் இருக்கும் மொச்சை. சிகந்திராபாத்தில் மோண்டா மார்க்கெட்டில் சங்கராந்தியை ஒட்டி இரண்டு மாதம்தான் அது கிடைக்கும். மூன்று கிலோ வாங்கினால் ஆராய்ச்சிக்குத் தேறுவது ஒரு கைப்பிடி, மீதி அம்மாவின் குழம்புக்குப் போகும். என் தீசிஸுக்காக என் குடும்பம் செய்த தியாகம் எந்த நன்றியுரையிலும் அடங்காது.

என் கைடு வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பதினைந்து வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார். தெலுங்குக்காரர்தான், ஆனால் ஆய்வகத்துக்குள் இங்கிலீஷ் மட்டுமே பேசுவார். மிருகங்களின் செல்லில் இதே மாதிரி ஒரு பைக்குப் போகும் புரதத்தின் மேல் சர்க்கரையால் ஒரு முத்திரை குத்தியிருக்கும், அதுதான் முகவரி என்று அப்போதே கண்டுபிடித்திருந்தார்கள். செடியிலும் சர்க்கரைதான் முகவரி என்பது என் கைடின் கட்சி. மாட்டுக்கு உண்டென்றால் மொச்சைக்கும் இருந்தாக வேண்டும். அதை நிரூபிப்பது மட்டும்தான் பாக்கி, அதற்குத்தான் நான்.

செய்யவேண்டியது இதுதான். புரதத்தின் மேல் சர்க்கரை ஏறவிடாமல் தடுக்கும் மருந்து ஒன்று உண்டு. மொச்சையைச் சீவி, கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தில் ஊறவைத்தால், புதிதாக உண்டாகும் புரதம் எங்கே போனாலும் கருவி எண்ணிச் சொல்லிவிடும். மருந்து இல்லாமல் ஒரு தடவை, மருந்து போட்டு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் செல்லுக்கு வெளியே கிடப்பதைக் கழுவி ஒரு ட்யூப், வாக்குவோலுக்குள் இருப்பதை எடுத்து இன்னொரு ட்யூப். சர்க்கரை இல்லாத புரதம் வழிதவறி வெளியே போனால் கைடு சொன்னது சரி. உள்ளேயே போனால் கைடு சொன்னது தப்பு. தப்பு என்ற சாத்தியத்தைப் பற்றி எங்கள் ஆய்வகத்தில் யாரும் பேசுவதில்லை.

அந்த மருந்தை இறக்குமதி செய்ய, அது இந்தியாவில் தயாராவதில்லை என்று சான்றிதழ் வாங்கவே ஒரு வருடம் ஆயிற்று. வந்தபோது கண்ணீர்த் துளி அளவு. இரண்டு தடவைக்குக் காணும், மூன்றாவது தடவைக்குக் காணாது.

ட்யூப்களில் பெயர் எழுத என்னிடம் ஒரு தனி முறை இருந்தது. எங்கள் குளிரறையில் இங்கிலீஷில் எழுதிய எந்த ட்யூபுக்கும் பத்திரம் கிடையாது. பக்கத்து ஆய்வகக்காரர்கள் படித்துப் பார்ப்பார்கள், சிலர் கொஞ்சம் எடுத்தும் பார்ப்பார்கள். அதனால் நான் தமிழில் எழுத ஆரம்பித்தேன். உள்ளே என்பதற்கு உ. வெளியே இருந்து எடுத்ததற்கு ஒன்றும் எழுதுவதில்லை. என் தமிழ் வேதாகமத்தைப் பார்த்து ஞாயிறு பள்ளியில் கற்ற தமிழ். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் தெலுங்கும் உருதுவும். இந்த ஒற்றை எழுத்தை எழுதும்போதெல்லாம் தமிழுக்குத் தொண்டு செய்வதாக எனக்குள் ஒரு பெருமிதம்.

எங்கள் ஆய்வகத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் அட்டெண்டர். கும்பகோணம் பக்கம். நாற்பது வயதுக்கு மேல், குஷாய்குடாவில் ஒரே அறை வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும். ஒன்பது வருடமாகத் தினக்கூலி. சோதனைக் கருவியைக் கழுவுவதில் தொடங்கி கைடுக்கே தெரியாத நுணுக்கம் வரை எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் பர்மனென்ட் இல்லை. அதற்கான குழு வருடத்துக்கு ஒரு முறை கூடும், ஒவ்வொரு முறையும் இவர் ஃபைலில் ஒரு காகிதம் குறையும். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். ஒரே பஸ்ஸில் போவோம். தன் பெண்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறார்கள் என்பது அவருடைய நித்தியக் குறை.

மருந்து போடாத சோதனையை ஒரு வெள்ளிக்கிழமை நானே செய்தேன். புரதம் ஒழுங்காக உள்ளே போயிருந்தது. மறுநாள் மருந்து போட்ட சோதனை. மருந்தும் போட்டு மொச்சையை ஊறவைத்துவிட்டு நிமிர்ந்தபோது என் கண்ணைப் பார்த்த கைடு மூன்றடி பின்னால் போனார். மெட்ராஸ் ஐ. நான் பிறந்தது ஹைதராபாத்தில், மெட்ராஸைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்த நோயை நான்தான் ஊரிலிருந்து கொண்டுவந்தேன் என்பதுபோல் அவர் பார்த்தார். உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வாசலிலேயே நின்று அட்டெண்டர் அண்ணாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். முதலில் கழுவிய தண்ணீரை ஒரு ட்யூபில் எடுங்கள், பிறகு வாக்குவோலைப் பிரித்து அடுத்த ட்யூபில் எடுங்கள், ராக்கில் வரிசையாக வைத்து ஃப்ரீஸரில் வையுங்கள். பெயர் எழுதுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கண் தெளிந்து புதன்கிழமை போனேன். ராக்கை வேறு யாரோ தேவைப்பட்டு எடுத்துக்கொண்டு, என் இரண்டு ட்யூப்களையும் ஒரு பீக்கரில் படுக்கவைத்திருந்தார்கள். வரிசை போய்விட்டது. ஆனால் ஒரு ட்யூபின் கழுத்தில், கிளாஸ் மார்க்கிங் பென்சிலால், அழகான சின்ன உ. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொல்லாமலே என் முறையைக் கவனித்துக் கற்றுக்கொண்டிருக்கிறாரே, இவரைப் போய் ஒன்பது வருடம் தினக்கூலியில் வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணிப் பார்த்தேன். உ போட்ட ட்யூபில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மற்றதில் குவிந்து கிடந்தது. சர்க்கரை இல்லாத புரதம் உள்ளே போகவில்லை, வெளியே கொட்டிவிட்டது. கைடு சொன்னதே சரி.

அன்றைக்குக் கைடு ஆய்வகம் முழுவதற்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். அவரிடமிருந்து நாங்கள் வாங்கிச் சாப்பிட்டது அதுவே முதலும் கடைசியும். வாரம் முடிவதற்குள் ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பினார். கட்டுரைக்கு முதல் பக்கம் எழுதினார், ஆசிரியர் பெயர் வரிசையோடு. என் பெயர் இரண்டாவது. நான் மொச்சை சீவியதற்கு அது அதிகம்தான்.

அதோடு நின்றிருந்தால் இது வேறு கதை. மனிதர் நெகிழ்ந்துபோய் அட்டெண்டர் அண்ணாவுக்கும் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார். ஒரு முக்கியமான சோதனையை இவர் தனியாக, மிகுந்த கவனத்தோடு செய்து முடித்தார், அந்த முடிவு இந்த ஆய்வகத்துக்கே பெருமை, இவரை நிரந்தரமாக்கவேண்டும். ஃபைலில் குறைந்த காகிதம் அதுதானாம். குழு மார்ச்சில் கூடும். இனி விண்ணப்பம் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்.

பஸ்ஸில் அண்ணா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குஷாய்குடாவில் இறங்கும்போது, "வீட்ல இன்னும் சொல்லல மேடம். ஆர்டர் கையில வரட்டும்" என்றார். 

விண்ணப்பத்தை இங்கிலீஷில் எழுதி, தப்பு இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் கொண்டுவந்தார். முழுநீளக் காகிதம். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதற்கு மேலே, நட்டநடுவில், சின்னதாக ஓர் உ. கீழே இரண்டு கோடு.

"என்ன அண்ணா, அப்ளிகேஷன்ல உள்ளேன்னு போட்டிருக்கீங்க?" என்று சிரித்தேன்.

"உள்ளேயா? அது பிள்ளையார் சுழி மேடம்."

"அப்படின்னா?"

என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "எது எழுத ஆரம்பிச்சாலும் மொதல்ல பிள்ளையாருக்கு அதப் போட்டுட்டுத்தான் எழுதுவோம். நீங்க போட மாட்டீங்கதான். நம்ம ஊர்ல மளிகை லிஸ்ட்ல கூட இருக்கும்."

எங்கள் வீட்டுக் கடிதங்கள் 'கிறிஸ்துவுக்குள் அன்பான' என்று ஆரம்பிக்கும். தெருமுனை அரிசிக்கடை ரசீதில் 786 இருக்கும். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் ஸ்ரீ என்று எழுதுவார்கள். மூன்றும் எனக்குத் தெரியும். லட்சக்கணக்கான தமிழ் வீடுகளில் தினமும் எழுதப்படுவது மட்டும் எனக்குத் தெரியாது. தமிழுக்குத் தொண்டு செய்த லட்சணம் அது.

விண்ணப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அன்னைக்கு ட்யூப்ல?"

"மொத ட்யூப்ல சின்னதாப் போட்டேன் மேடம். தனியாப் பண்றோமேன்னு ஒரு பயம். ஏன்?"

முதல் ட்யூப் என்றால் கழுவிய தண்ணீர். வெளியே. நான் உள்ளே என்று படித்தது வெளியே, வெளியே என்று படித்தது உள்ளே. புரதம் சர்க்கரை இல்லாமலே சமர்த்தாக வாக்குவோலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மொச்சையில் எந்தக் குழப்பமும் இல்லை. குழம்பியது ஒரே ஒரு ஆய்வகம்தான், அதுவும் அதில் இருந்த இரண்டே இரண்டு தமிழர்களால்.

நான் விளக்கியதும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 

நான் உடனே ஓடிப்போய் கைடிடம் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் அந்தச் சிபாரிசுக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் அவர் பர்மனென்ட், நான் டாக்டர், கைடு சந்தோஷம். நஷ்டம் மொச்சைக்கு மட்டும்தான், அது யாரிடமும் போய் முறையிடாது. அவருக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். மார்ச்சோடு என் ஃபெலோஷிப் முடிகிறது, கையிலிருக்கும் முடிவை வைத்து தீசிஸைக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கும் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் சாயங்காலம் அப்பா வழக்கம்போல் கேட்டார். "போய்ச் சேந்துட்டா?"

"அது அப்பவே போய்ச் சேந்துட்டுப்பா. நாங்கதான் இன்னும் சேரல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அம்மா அன்றைக்கும் திட்டினாள்.

மறுநாள் பஸ்ஸில் அண்ணாதான் பேச்சை எடுத்தார். "சொல்லிடுங்க மேடம். நாலு நாளா சோறு எறங்கல. தப்பா எழுதி வாங்கின ஆர்டர எந்தச் சாமி முன்னாடி வச்சுக் கும்புடறது?"

"உங்க லெட்டர் போயிடுமே அண்ணா."

"ஒம்பது வருஷம் பாத்தாச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. பிள்ளையாரால வந்துதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

நான் அப்படியே செய்தேன். ட்யூபுக்குப் பெயர் எழுதும் முறையை நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, வந்து பார்த்தபோது ஒரு வார்த்தை கேட்டும் தெரிந்துகொள்ளவில்லை, இரண்டு ட்யூப்களும் மாறிவிட்டன, தப்பு என்னுடையது என்று கைடிடம் சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, பிள்ளையார்தான் விடுபட்டுப்போனார்.

கைடு பேப்பர் வெயிட்டைச் சுழற்றினார். அவர் முதலில் கேட்டது எப்படி நடந்தது என்று அல்ல, "இது வேறு யாருக்குத் தெரியும்?" என்றுதான். பிறகு, மருந்து இன்னொரு தடவைக்கு இருக்கிறதல்லவா, திரும்பச் செய், இந்தத் தடவை என் முன்னால் செய் என்றார். சர்க்கரை தன்னைக் கைவிடாது என்ற நம்பிக்கை அவருக்கு இன்னும் இருந்தது.

மோண்டா மார்க்கெட்டில் மொச்சை முடிகிற சமயம். காய்க்காரம்மாவிடம் எஞ்சியிருந்த ஒரு கூடையில் நான் கிண்டியதைப் பார்த்து, "எதுக்கு இவ்வளவு பாக்கறே?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் மாலைக்குள் முடிந்திருக்காது. இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று கைடு நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். சோதனையைச் செய்யப்போவது அட்டெண்டர் அண்ணாதான் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். ஆய்வகத்தில் அவர் கைக்கு ஈடான கை இல்லை, அது கைடுக்கும் தெரியும். அண்ணா ட்யூப்களை எடுத்து ராக்கில் வைத்தார். பென்சிலைக் கையில் எடுத்தார். அப்புறம் கீழே வைத்துவிட்டார்.  அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுழி போடாமல் ஒரு காரியத்தை ஆரம்பிக்கப்போகிறார். இருக்கிற கடைசிச் சொட்டு மருந்து அந்தக் கையில்தான் இருந்தது.

நான் பென்சிலை எடுத்து ராக்கின் மரச்சட்டத்தில், ட்யூப் எதையும் தொடாமல், ஓர் உ எழுதினேன். கீழே இரண்டு கோடும் போட்டேன். என் ஞாயிறு பள்ளி டீச்சர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

"போதுமா அண்ணா?"

"வளைவு பத்தல மேடம்" என்றார். ஆனால் மருந்துப் புட்டியைத் திறந்துவிட்டார்.

கைடு என்ன அது என்று கேட்டார். பேட்ச் அடையாளம் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

ட்யூப்களில் இந்த முறை இங்கிலீஷில் முழு வார்த்தையாக எழுதினோம். எண்ணிப் பார்த்ததில் சந்தேகத்துக்கே இடமில்லை. சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் புரதம் உள்ளே. முகவரி சர்க்கரையில் இல்லை, புரதத்தின் உடம்பிலேயே எங்கோ எழுதியிருக்கிறது. எங்கே என்று அப்போது எங்களுக்குத் தெரியாது, ஆனால் எங்கே இல்லை என்று தெரிந்துவிட்டது.

கைடு எழுந்து தன் அறைக்குப் போனார். சமோசா வரவில்லை. மறுநாளே, கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெற்றார், 'கருவிக் கோளாறு' என்று காரணம் சொல்லி. மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நான்காம் வாரத்தில், சர்க்கரை முகவரியாக இருக்காது என்று தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. தீசிஸ் முடியவேண்டுமே.

அண்ணாவின் சிபாரிசுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதில் சொல்லியிருந்த சோதனையே இப்போது இல்லை என்றார். இரண்டாவது சோதனையைச் செய்ததும் அவர்தானே, அதை வைத்துப் புதிதாக எழுதிக் கொடுங்கள் என்று போய் நின்றேன். ஒரே ஆளுக்கு ஒரே வருடத்தில் இரண்டு சிபாரிசு எழுதினால் மேலே சந்தேகப்படுவார்கள் என்று பதில் வந்தது. தப்பான முடிவுக்கு ஒரு கடிதம், சரியான முடிவுக்குக் கடிதம் இல்லை. மார்ச்சில் குழு கூடியது. ஃபைலில் ஒரு காகிதம் குறைந்தது.

அண்ணா என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவர் கையால் செய்த சோதனையை வைத்து எனக்குப் பட்டம் வந்தது, நன்றியுரையில் அவருக்கு ஒரு வரி கொடுத்தேன். ஒன்பது வருடம் பத்து வருடம் ஆயிற்று. அதற்கடுத்த வருடமும் அப்படியே போனது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்குள் நான் வேறு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போயிருந்தேன், பர்மனென்ட்டாக. தெருவின் திருஷ்டி கழிந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தபோது, எனக்கு வந்திருப்பதாக அப்பா ஓர் இன்லண்ட் லெட்டரைக் கொடுத்தார். கும்பகோணத்துக் கையெழுத்து; அண்ணாவின் கதை அதற்குள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மேலே நடுவில் உ, கீழே இரண்டு கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில், 'இது பிள்ளையாருக்கு. வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று எழுதியிருந்தது. பிறகு எல்லாரும் நலம், பெரியவள் பத்தாவது, இன்னும் தெலுங்கில்தான் பேசுகிறாள், கைடு ஐயா இப்போதெல்லாம் பேசும் இடத்தில் எல்லாம் சர்க்கரை முகவரி இல்லை என்று தாம்தான் முதலில் சொன்னதாகச் சொல்கிறார். குளிரறையில் அந்தப் பழைய ராக் இன்னும் இருக்கிறது, சட்டத்தை மட்டும் யாரையும் கழுவவிடுவதில்லை.

கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, இன்னோர் உ. அதற்குக் கோடு இல்லை.

'இந்த உ உங்கள் உ, மேடம். ஒன்றாம் தேதியிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.'

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து கலங்கிக் கலங்கித் தெரிந்தது, இந்தத் தடவை மெட்ராஸ் ஐ இல்லை. அப்பா பேப்பரை மடித்துவைத்தார்.

"என்னட்டி, அவரு போய்ச் சேந்துட்டாரா?"

"சேந்துட்டார்ப்பா" என்றேன்.

அடுக்களையில் சத்தம் நின்றது. அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.